விக்கிப் பக்கத்தில் பொருளடக்கம் தானாக வரவில்லை – தருமபுரி நடுகல் பக்கம்

தகடூர்_நடுகல்:
வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நடுகற்களைத் தொகுக்க எங்கள் குழு மீடியாவிக்கி 1.39 (விக்கித் தளம் நடத்தும் மென்பொருள்) நிறுவியிருக்கிறது. பக்கத் தோற்றம் அதிலுள்ள பழைய ‘வெக்டர்’. இரண்டு சிக்கல்.

ஒன்று: தருமபுரிப் பக்கத்தில் தருமபுரி, நல்லம்பள்ளி, பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என்று 7 வட்டங்களுக்கும் தலைப்பு இருக்கிறது. பொருளடக்கப் பெட்டி மட்டும் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வருகிறது.

இரண்டு: கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒவ்வொரு வட்டத்தின் கீழும் ‘இருப்பிடம்’, ‘கல்வெட்டு’ என்று துணைத்தலைப்புகள். பர்கூர் கல்வெட்டுக்கு வேறு பக்கத்திலிருந்து கொடுத்திருந்த இணைப்பு இப்போது போச்சம்பள்ளிக்குப் போகிறது. யாரும் அந்த இணைப்பைத் தொடவில்லை.

ஊத்தங்கரை_கணி:
முதல் சிக்கலுக்கு ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்: பக்கத்தில் 4 தலைப்பாவது இருந்தால்தான் பெட்டி தானாக வரும். வரும் இடம் முதல் தலைப்புக்கு நேர் மேலே. உங்களிடம் 7 இருக்கிறது என்கிறீர்கள், ஆனால் விக்கி அவற்றைத் தலைப்பாக எண்ணுகிறதா என்று பார்க்க வேண்டும். தலைப்பை இருபுறமும் சமக்குறி (=) இட்டு எழுதுகிறோம், அந்தச் சமக்குறி வரியின் முதல் எழுத்தாக இருக்க வேண்டும். முன்னால் ஒரு இடைவெளி இருந்தாலும் கெட்டது. வேர்டில் தட்டி ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத குறியீடு முன்னால் ஒட்டிக்கொண்டு வரலாம், விளைவு அதேதான். கடைசிச் சமக்குறிக்குப் பிறகு முற்றுப்புள்ளி வைத்தாலும் அது தலைப்பாகாது. தடித்த எழுத்து வரி பார்வைக்குத் தலைப்பு மாதிரி இருக்கும், எண்ணிக்கையில் சேராது.

ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் [தொகு] என்று வருகிறதா?

தகடூர்_நடுகல்:
ஏழுக்கும் வருகிறது.

ஊத்தங்கரை_கணி:
அப்படியானால் தலைப்புகளில் குறை இல்லை. எங்கோ ஓரிடத்தில் பொருளடக்கத்தை மறைக்கும் __நோடிஓசி__ என்ற குறிச்சொல் இருக்கிறது. (குறிச்சொற்களை இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடு.) இடப்பக்கப் பட்டியில் ‘பக்கத் தகவல்’ திறந்தால் அந்தப் பக்கத்தில் செயல்படும் இத்தகைய குறிச்சொற்கள் (‘மந்திரச் சொற்கள்’) தெரியும்.

பக்கத்தின் மூலத்தில் அது இல்லாவிட்டால் வார்ப்புருவில்தான் (பல பக்கங்களில் செருகும் பொதுத் துண்டு) இருக்கும். தொகுப்புப் பெட்டிக்குக் கீழே, அந்தப் பக்கம் பயன்படுத்தும் வார்ப்புருக்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றாகத் திறந்து தேடுங்கள்.

தகடூர்_நடுகல்:
கிடைத்துவிட்டது. கல்லின் அளவு, காலம் காட்டும் தகவல்பெட்டி வார்ப்புருவின் விளக்கப் பகுதியில் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அந்த வார்ப்புரு இல்லை. தருமபுரிப் பக்கத்தில் பொருளடக்கத்தை வரவைக்கும் __டிஓசி__ போட்டுவிட்டால் போதுமா?

ஊத்தங்கரை_கணி:
போட்டால் பெட்டி வரும், __நோடிஓசி__யை அது வெல்லும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். அந்த வார்ப்புருவைப் போடுகிற ஒவ்வொரு பக்கத்திலும் இதே குறை இருக்கிறது, நாளைக்கு எழுதப்போகும் பக்கத்திலும் இருக்கும். விளக்கப் பகுதி முழுவதையும் __நோடிஓசி__யோடு சேர்த்து ‘நோஇன்க்ளூட்’ குறிகளுக்குள் வையுங்கள். வார்ப்புருவின் சொந்தப் பக்கத்தில் மட்டும் அது செயல்படும்.

சேமித்தவுடன் மாறவில்லை என்று பதற வேண்டாம். வார்ப்புரு மாற்றம் வேலை வரிசையில் நின்றுதான் மற்றப் பக்கங்களுக்குப் போகும். இயல்பான அமைப்பில் யாராவது ஒரு பக்கத்தைத் திறக்கும்போது ஒரு வேலை நடக்கும். வருகை குறைந்த விக்கியில் இதற்கு நேரமாகும். 1.39-இல் மெயின்டனன்ஸ் அடைவிலுள்ள, வரிசையில் நிற்கும் வேலைகளை முடிக்கும் ரன்ஜாப்ஸ் நிரலை ஒருமுறை ஓட்டினால் முடிந்தது. ஒரே பக்கம் என்றால் தொகு திறந்து எதையும் மாற்றாமல் சேமியுங்கள்.

அரூர்_தொகுப்பாளர்:
இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். ஒரே பெயரில் பல தலைப்பு இருந்தால், இணைப்புக்காக விக்கி முதலாவதை ‘கல்வெட்டு’ என்றும், அடுத்தடுத்தவற்றை ‘கல்வெட்டு_2’, ‘கல்வெட்டு_3’ என்றும் வைத்துக்கொள்ளும். அது வரிசை எண் மட்டுமே, ஊர் அதற்குத் தெரியாது. கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, பர்கூர் என்ற வரிசையில் பர்கூர் 3. போச்சம்பள்ளிக்கு முன்னால் சூளகிரியைச் சேர்த்திருப்பீர்கள். போச்சம்பள்ளி 3 ஆகி, பர்கூர் 4-க்குத் தள்ளப்பட்டது. பெட்டிக்குள் இருக்கும் இணைப்புகள் தாமாகத் திருந்திக்கொள்ளும். வெளியிலிருந்து வருபவை திருந்தாது. படிப்பவர் தவறான கல்லைப் பார்த்துவிட்டு அதையே எழுதிவைப்பார், அதனால் இதை உடனே சரிசெய்யுங்கள்.

‘பர்கூர் கல்வெட்டு’ என்று தலைப்பையே தனித்தன்மையாக்குங்கள். பெட்டியிலும் படிக்கத் தெளிவு. பெயரை மாற்ற மனமில்லை என்றால் தலைப்புக்கு மேல் வரியில் ‘ஸ்பான்’ என்ற எச்டிஎம்எல் குறியில் ஒரு ஐடி (இணைப்பு பிடிக்கும் பெயர்) கொடுத்து, இணைப்பை அந்த ஐடிக்கு விடுங்கள்.

தகடூர்_நடுகல்:
சூளகிரியைச் சேர்த்தது உண்மைதான் அண்ணா. ஐடி தமிழில் கொடுக்கலாமா? இப்போது தலைப்பு இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் புள்ளியும் ஆங்கில எழுத்துமாக நீண்டுகொண்டே போகிறது.

அரூர்_தொகுப்பாளர்:
யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். விக்கியின் பழைய இணைப்பு முறையில் (‘லெகசி’) ஒவ்வொரு பைட்டும் ஒரு புள்ளி, இரண்டு எழுத்து என்று 3 இடம் பிடிக்கும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9. ‘தருமபுரி’யில் உகர, இகரக் குறிகளையும் சேர்த்து 8 குறியீடு, இணைப்பில் 72 எழுத்து.

விக்கியின் அமைப்புக் கோப்பான லோக்கல்செட்டிங்ஸில், தலைப்பு இணைப்பை எழுதும் முறையைச் சொல்லும் ஃப்ராக்மென்ட்மோட் அமைப்பை ‘எச்டிஎம்எல்5’ முதலாவது, ‘லெகசி’ இரண்டாவது என்று வையுங்கள். முகவரிப் பட்டையில் தமிழ் தமிழாகவே தெரியும். லெகசியை நீக்கிவிடாதீர்கள், ஏற்கெனவே பகிர்ந்த பழைய இணைப்புகளைத் தாங்குவது அதுதான். ஆனாலும் நகலெடுக்கும்போது பல உலாவிகள் விழுக்காட்டுக் குறியோடு அதே நீளத்துக்குத்தான் கொடுக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டிய இடங்களுக்கு ஐடியை ஆங்கில எழுத்தில் குறுக்கமாக வையுங்கள் தம்பி. தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

தகடூர்_நடுகல்:
நோஇன்க்ளூட் போட்டு ரன்ஜாப்ஸ் ஓட்டியதும் தருமபுரிப் பக்கத்தில் 7 வட்டமும் பெட்டியில் வந்துவிட்டன. கிருஷ்ணகிரியின் துணைத்தலைப்புகளை வட்டப் பெயரோடு மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஊத்தங்கரை_கணி:
மாற்றும்போது மற்றப் பக்கங்களில் ‘#கல்வெட்டு’ என்று தேடி அந்த இணைப்புகளையும் மாற்றுங்கள். தலைப்பு இல்லாமல் போனால் விக்கி பிழை எதுவும் காட்டாது, பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் விட்டுவிடும்.