கர்னல் ஊப்ஸ் (லினக்ஸ் கர்னல் தவறி விழும்போது காட்டும் பிழை அறிக்கை): விழுந்த இடம் ஒன்று, அடித்த ஆள் வேறு. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஆறுபி:
பழைய 32 பிட் ஆர்ம் போர்டு, லினக்ஸ் 4.9, யூஎஸ்பி மோடம். டேட்டா ஓடும்போது மோடத்தைப் பிடுங்கினால் சில நேரம் ஒன்றும் ஆகாது, சில நேரம் போர்டே விழும். விழுகிற இடமும் ஒரே இடமில்லை, பெரும்பாலும் ஃபைல் சிஸ்டம் கோடுக்குள் நிற்கும், அதனால் எஸ்டி கார்டுதான் மட்டம் என்று கார்டு கார்டாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்லப் டீபக் (கர்னல் மெமரித் தவறுகளைப் பிடிக்கும் சோதனை) போட்டு பூட் செய்த பிறகு ஊப்ஸில் வந்த முகவரி: 6பி6பி6பி7பி. ஃப்ரீ செய்த மெமரியில் 6பி நிரம்பியிருக்கும், அது தெரிந்ததுதான். கடைசியில் மட்டும் ஏன் 7பி? அந்த ஒரு பைட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹெக்சில் 10 கூடியிருக்கிறது, அப்படியென்றால் செத்துப்போன ஸ்டரக்சரிலிருந்து ஒரு பாயிண்டரை எடுத்து, அதிலிருந்து 16 பைட் தள்ளி எதையோ படிக்கப் போயிருக்கிறது. ஆஃப்செட் 16-ஐ வைத்துத் தேடினால் மோடம் டிரைவரின் டிலேய்டு வொர்க்கில் (சற்று நேரம் கழித்து ஓட விடும் வேலை) போய் நின்றது. டிஸ்கனெக்டில் டிரைவர் வொர்க்கை கேன்சல் செய்கிறான், ஆனால் சிங்க் இல்லாத கேன்சல், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வொர்க் முடியும் வரை காத்திருக்காது. வொர்க் இன்னொரு சிபியூவில் ஓடிக்கொண்டிருக்கிறது, இவன் இந்தப் பக்கம் மெமரியை கேஃப்ரீ செய்துவிட்டுப் போகிறான். சரி என்று சிங்க் போட்டால் டிஸ்கனெக்ட் அப்படியே தொங்கிவிட்டது, ஏனென்றால் டிஸ்கனெக்ட் பிடித்திருக்கும் அதே மியூடெக்ஸ் லாக்குக்குத்தான் வொர்க்கும் காத்திருக்கிறது. கேன்சலை லாக்குக்கு மேலே நகர்த்தியதும் முடிந்தது. டிரைவர் தந்தவர்களுக்கு பேட்ச் அனுப்பினோம். அவர்களின் அடுத்த வெளியீட்டிலும் அதே சிங்க் இல்லாத வரி. இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

நிழல்பைட்:
இதற்கு இவ்வளவு பாடா? கேசான் (கர்னலின் மெமரித் தவறு கண்டுபிடிப்பான்) போட்டு பில்ட் செய்திருந்தால் எங்கே தொட்டது, எங்கே அலோகேட் ஆனது, எங்கே ஃப்ரீ ஆனது என்று மூன்று ஸ்டாக் டிரேசையும் அதுவே கொடுத்திருக்கும். என் கதை சின்னது. எக்ஸ்86 மெஷின், ஃபர்ம்வேர் பெயர் 13 எழுத்து, சரியாக 13 பைட் மெமரியை கேமெல்லாக்கில் வாங்கி காப்பி செய்திருக்கிறார்கள், பெயர் முடிந்தது என்று காட்டும் கடைசி பூஜ்யத்துக்கு இடமில்லை. பல வருஷம் ஓடிய கோடு. கேசான் பில்டில் முதல் பூட்டிலேயே அலறியது. ரிப்போர்ட்டின் அடியில் வரும் அந்த நிழல் மெமரி வரிசையில் 00, அடுத்து 05, அப்புறம் எஃப்சி எஃப்சி என்று ஓட, சுட்டி அந்த 05-க்கு நேர் கீழே. எட்டு பைட்டுக்கு ஒரு நிழல் பைட், இரண்டாவது எட்டில் ஐந்துதான் உன்னுடையது, நீ ஆறாவதைத் தொட்டாய் என்கிறது. முன்னால் ஏன் ஓடியது என்றால், 13 கேட்டால் 16 பைட் துண்டுதான் கிடைக்கும், மிச்சம் மூன்றில் பெரும்பாலும் பூஜ்யம் இருந்திருக்கிறது. அதிர்ஷ்டத்தில் ஓடிய கோடு.

ரிங்பஃபர்:
நிழல்பைட், அவர் 4.9 என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். கேசான் 4.0-இல் வந்தது உண்மை, ஆனால் 32 பிட் ஆர்முக்கு வந்தது 5.11-இல், அதாவது 2021-இல். இல்லாத ஒன்றை அவர் எப்படிப் போடுவார்?

அதோடு கேசான் கம்பைலர் செருகும் சோதனைதான், சிபியூ தொடுவது மட்டும்தான் அதற்குத் தெரியும். எனக்கு வந்தது நெட்வொர்க் கார்டு. டென்ட்ரி (ஃபைல் பெயரைக் கர்னல் நினைவில் வைக்கும் ஸ்டரக்சர்) ஒன்று கெட்டுப்போய் கிராஷ், கேசான் ஆன் செய்தும் கெடுத்தவன் யார் என்று ஒரு வார்த்தை இல்லை. கிராஷ் டம்பில் கெட்ட இடத்தை பைட் பைட்டாகப் பார்க்கிறேன், முதல் ஆறு பைட் அந்த மெஷினின் மேக் முகவரி, அடுத்த ஆறு பைட் என் மேசையில் இருக்கும் மெஷினின் மேக் முகவரி, பிறகு 08 00 (உள்ளே ஐபி என்ற குறி), பிறகு 45 00 (ஐபி தலைப்பின் தொடக்கம்). டென்ட்ரிக்குள் ஒரு முழு ஐபி பாக்கெட்! என் மெஷின் அனுப்பிய பிங். டிரைவர் இன்டர்ஃபேசை இறக்கும்போது ரிசீவ் எஞ்சினை நிறுத்தும் முன்பே பஃபர்களைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, கார்டு பாட்டுக்குப் பழைய முகவரியில் எழுதிக்கொண்டே இருக்கிறது. ஐஓஎம்எம்யூவை (டிவைஸ்கள் மெமரியைத் தொடுவதைக் கட்டுப்படுத்தும் ஹார்டுவேர்) ஸ்ட்ரிக்டில் வைத்ததும் எந்த டிவைஸ், எந்த முகவரி என்று லாகில் வந்து விழுந்தது.

டெயின்டட்_டி:
எனக்கு லிஸ்ட் கரப்ஷன் (லிஸ்டின் இணைப்பு கெட்டுவிட்டது) என்று ஒரு வரி வந்தது. இருக்க வேண்டிய முகவரி, இருந்த முகவரி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் 8, மற்றதில் சி, மற்றதெல்லாம் ஒன்றே. ஒரே ஒரு பிட். ரேம் போச்சு. அவ்வளவுதான் கதை.

ஆனால் இதைப் படிக்கும் புதியவர்களுக்குச் சிலது சொல்ல வேண்டும். முதல் ஊப்ஸை மட்டும் படியுங்கள். ஊப்ஸில் கர்னலின் நிலையைச் சொல்லும் டெயின்டட் வரியில் டி என்ற எழுத்து இருந்தால் அதற்கு முன்பே ஒரு ஊப்ஸ் நடந்துவிட்டது, நீங்கள் பார்ப்பது பின்விளைவு, மேலே போய்த் தேடுங்கள். முகவரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில், ஹெக்சில் 48 மாதிரி இருந்தால் நல் பாயிண்டரோடு உறுப்பின் ஆஃப்செட் சேர்ந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். 'டெட்' என்று தொடங்கி 100 அல்லது 122-இல் முடிந்தால் லிஸ்டிலிருந்து ஏற்கெனவே நீக்கியதை மறுபடி தொட்டிருக்கிறீர்கள். கேடம்பை (கிராஷ் ஆகும்போது மெமரியைச் சேமிக்கும் வசதி) முன்கூட்டியே அமைத்து வையுங்கள், விழுந்த பிறகு அமைத்துப் பயனில்லை. ஒவ்வொரு பில்டின் விஎம்லினக்ஸ் (கம்பைல் ஆன முழு கர்னல்) ஃபைலையும் டீபக் தகவலோடு பத்திரப்படுத்துங்கள், அதே கோடை மறுபடி பில்ட் செய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், கம்பைலர் பதிப்பு மாறினாலே ஆஃப்செட்டெல்லாம் நகர்ந்துவிடும். பிரின்ட்கே (கர்னல் லாகில் எழுதும் வரி) போட்டுத் தேடாதீர்கள், டைமிங் மாறி ரேஸ் (இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்துவதால் வரும் தவறு) ஒளிந்துகொள்ளும். அப்புறம் இசிசி ரேம் (ஒரு பிட் பிழையைத் தானே திருத்தும் ரேம்) வாங்குங்கள்.

நிழல்பைட்:
5.11 விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த டிரைவரை எக்ஸ்86 மெஷினில் கம்பைல் செய்து அதே மோடத்தைச் செருகிப் பிடுங்கிப் பார்த்திருக்கலாமே? யூஎஸ்பிதானே.

ஆறுபி:
பார்த்தோம். அங்கே விழவே இல்லை, கேசானும் வாயைத் திறக்கவில்லை. ரேஸ் நடந்தால்தானே அது சொல்லும். ரிங்பஃபர், உங்கள் ஐஓஎம்எம்யூ யோசனை நன்றாகத்தான் இருக்கிறது, எங்கள் போர்டில் அது கிடையாது. டெயின்டட்_டி, எஸ்டி கார்டு மாற்றியவர்களிடம் போய் இனி இசிசி ரேம் என்று சொன்னால் போர்டை என் தலையில் போடுவார்கள்.