வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் மீன் ஏன் செத்தது?

வரப்புமேடு:
மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். போன வாரம் நல்ல மழை. விட்டதும் கொல்லைக்குப் போனால், குளத்திலிருந்து முப்பது அடி தள்ளி, ஈர மண்ணில் ஒரு மீன் வந்துகொண்டிருந்தது. துள்ளவில்லை. செவுள் மூடியை விரித்து மண்ணில் ஊன்றுகிறது, வாலால் உந்துகிறது, ஒருபக்கமாகச் சாய்ந்து ஒரு எட்டு வைக்கிறது. மகள் வளர்க்கலாம் என்றாள். குதித்துவிடுமே என்று வாளியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி இறுக்க மூடி வைத்தேன். காலையில் செத்துக் கிடந்தது. தரையில் உயிரோடிருந்த மீன் தண்ணீரில் எப்படிச் சாகும்? மகளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

கொள்ளிடத்தான்:
அது பனையேறிக் கெண்டை. மூச்சுமுட்டிச் செத்திருக்கிறது, தம்பி. அதன் செவுள் சிறியது. தண்ணீரில் கரைந்த காற்று மட்டும் அதற்குப் போதாது. செவுளுக்கு மேலே, தலைக்குள் ஒரு அறை. அதில் மடிப்பு மடிப்பாக மெல்லிய எலும்புத் தகடுகள், மேலே ரத்தக்குழாய் நிறைந்த தோல். மேலே வந்து வாயால் காற்றைக் கவ்வி அந்த அறையில் நிரப்பிக்கொள்ளும். கோடையில் வற்றிய குட்டையோரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்: சேற்றுத் தண்ணீரில் ஒரு மூக்கு எட்டிப் பார்க்கும், ‘ப்ளக்’ என்று சத்தம், ஒரு குமிழி, அவ்வளவுதான். மற்ற மீன்கள் செத்து மிதக்கிற சேற்றிலும் இது பிழைத்துக் கிடப்பது அதனால்தான். உடம்பில் ஈரம் காயாதவரை வெளியிலும் நாள் கணக்கில் தாங்கும். உங்கள் வாளியில் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்றே இல்லையே.

தரங்கைக்காரன்:
எங்கள் ஊருக்கும் இந்த மீனுக்கும் பழைய உறவு. 1791இல் தரங்கம்பாடியில் டேனிஷ் லெப்டினன்ட் டால்டார்ஃப், குளத்தோரப் பனையின் பட்டை வெடிப்பில், தண்ணீருக்கு ஐந்தடி மேலே இதைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797இல் அச்சிட்டது. காகமோ பருந்தோ மரத்தில் போட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. தரையில் நடப்பது வேறு, மரம் ஏறுவது வேறு.

கொள்ளிடத்தான்:
ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. கை காலியாக இல்லையென்று இதைப் பல்லில் கடித்துப் பிடிக்கவே கூடாது. வழுக்கித் தொண்டைக்குள் போனால், செவுள் மூடி ஓரத்து முட்கள் விரிந்து குத்தி நிற்கும், வெளியே இழுக்க வராது. அப்படி உயிர் விட்டவர்கள் உண்டு. பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

வரப்புமேடு:
மகளிடம் சொன்னேன், அழுதாள். அடுத்த மழைக்கு வந்தால் எப்படி வைப்பது?

கொள்ளிடத்தான்:
அரை வாளித் தண்ணீர், மேலே கொசுவலைத் துணி, சுற்றி இறுக்கமாகக் கயிறு. ஒரு நாள் பார்த்துவிட்டுக் குளத்தில் விடச் சொல்லுங்கள்.