பச்சிளம் பிள்ளைக்குச் சிறுநீரகம் பாதித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

மன்னார்குடி சித்தி:

போன சித்திரையில் என் அக்காவுக்கு ஆண் பிள்ளை பிறந்தான். தலைப்பிரசவம், சிசேரியன், எடையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அழவே இல்லை, தூங்கிக்கொண்டே இருந்தான், பார்க்க வந்தவர்கள் எல்லாம் "சமர்த்துப் பிள்ளை, அம்மாவைப் படுத்தவே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பால் குடிக்கிறானா என்றால் வாய் வைக்கிறான், அவ்வளவுதான். அக்னி நட்சத்திர வெயில், காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, தலைக்குக் குல்லா வேறு. துணியில் செங்கல் பொடி நிறத்தில் ஒரு கறை தெரிந்தது, பாட்டி சூடு என்றார். மறுநாள் உடம்பு கொதித்தது. பக்கத்தில் ஒரு டாக்டர் காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து எழுதி அனுப்பிவிட்டார். எடை பார்க்கவில்லை, பிள்ளை ஒண்ணுக்குப் போகிறதா என்று கேட்கவும் இல்லை.

சாயங்காலம் உதடு காய்ந்து, உச்சிக்குழி உள்வாங்கி, தட்டி எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. 108-ஐக் கூப்பிட்டுத் தஞ்சாவூர் போனோம். அங்கே முதல் வேலையாகத் தராசில் போட்டார்கள். பிறந்த எடையில் ஆறில் ஒரு பங்கு காணோம்! ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு 168, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 2.4, இரண்டுமே எக்கச்சக்கம். தாய்ப்பால் போதாமல் நீர் வற்றி, உப்பு ஏறி, சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். பால் பத்தாததற்குக் கிட்னி போகுமா என்று எங்களுக்கு நம்பவே முடியவில்லை.

இன்னொன்று. வற்றிப்போன பிள்ளைக்கு மளமளவென்று தண்ணீர் ஏற்றாமல் ஏன் இப்படிச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறீர்கள் என்று மாமா சண்டைக்கே போய்விட்டார். ஏறின சோடியத்தைச் சட்டென்று இறக்கினால் மூளை வீங்கி வலிப்பு வரும், ஒரு நாளைக்குப் பத்து பன்னிரண்டு புள்ளிக்கு மேல் இறக்கக்கூடாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். டயாலிசிஸ் இல்லாமலே மீண்டுவிட்டான். இப்போது தவழ்கிறான், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிறான்.

கும்பகோணம் நர்ஸ்:

தங்கச்சி, எங்கள் வார்டில் ஒவ்வொரு கோடையிலும் இந்த மாதிரிப் பிள்ளைகள் வரும், அதிலும் தலைச்சன் பிள்ளைகள்தான் அதிகம். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பத்து சதவீதத்தைத் தாண்டினால் பார்த்தே ஆக வேண்டும். ஐந்தாறு நாள் ஆன பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஈரம் பண்ண வேண்டும். அந்தச் செங்கல் கறை யூரிக் அமில உப்பு, முதல் ஓரிரு நாளில் வந்தால் பெரிய விஷயமில்லை, அதற்குப் பிறகும் வந்தால் பால் போதவில்லை என்று அர்த்தம்.

ஐசியுவில் கிடக்கும் பிள்ளைக்கு எல்லார் கண்ணும் மூச்சு மேலேயும் மானிட்டர் மேலேயும்தான். சிறுநீரகம் சத்தமே போடாது. நாங்கள் டயப்பரை எடை போடுவோம், காய்ந்ததற்கும் நனைந்ததற்கும் உள்ள வித்தியாசம் ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி சிறுநீர். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு மில்லிக்குக் கீழே போனால் டாக்டரை எழுப்பிவிடுவேன், திட்டினாலும் பரவாயில்லை. ஆனால் சிறுநீர் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சிறுநீரகம் கெடுவதும் உண்டு. அதனால் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

அதில் ஒரு வம்பு இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் "நார்மல்" பெரியவர்களுக்கானது. கிரியாட்டினின் 0.9 என்று வந்தால் தடித்த எழுத்துக்கூட இருக்காது, வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். மூன்று வாரப் பிள்ளைக்கு 0.3, 0.4 இருக்க வேண்டிய இடத்தில் 0.9 என்றால் இரண்டு மடங்குக்கு மேல். பிறந்த அன்றைக்கு எடுத்தால் வருவது பெரும்பாலும் அம்மாவுடைய அளவுதான், அதன் பிறகு அது இறங்கிக்கொண்டே வர வேண்டும். இறங்காமல் நின்றாலே சந்தேகப்பட வேண்டும். இரண்டு நாளுக்குள் 0.3 ஏறினால் பாதிப்பு என்றே கணக்கு. பழைய ரிப்போர்ட்டைத் தொலைத்துவிட்டு வராதீர்கள், புதியதை எதோடு ஒப்பிடுவது?

இது அபூர்வமும் இல்லை. நம் நாடும் சேர்ந்து 24 மையங்களில் நடத்தி 2017-இல் வெளியிட்ட அவேக்கன் ஆய்வில், தீவிர சிகிச்சையில் இருந்த பச்சிளம் பிள்ளைகளில் சுமார் 30 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. பிறக்கும்போது மூச்சுத் திணறல், ரத்தத்தில் கிருமி, இதய ஆபரேஷன், ஜென்டாமைசின், அமிக்காசின் மாதிரிக் கிருமிக்குப் போடும் மருந்துகள், இவையெல்லாம் காரணம். மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது, கிருமியை விட்டால் பிள்ளையே போய்விடும். அளவு பார்த்து, நாள் பார்த்துப் போடுவார்கள்.

பட்டுக்கோட்டை அப்பா:

எங்கள் பெண் பிறந்ததும் அழவில்லை. வென்டிலேட்டரில் வைத்தார்கள், கை கால் முகமெல்லாம் வீங்கிவிட்டது, ஒரு சொட்டுச் சிறுநீர் இல்லை. பொட்டாசியம் ஏறுகிறது, இதயம் நின்றுவிடலாம், டயாலிசிஸ் போட வேண்டும் என்றார்கள். அந்தப் பேரைக் கேட்டதும் என் மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒப்பாரி வைத்துவிட்டார். பெரிய மெஷினில் கட்டிப்போடுவார்கள் என்று நானும் பயந்தேன். அப்படி இல்லை. தொப்புள் பக்கத்தில் வயிற்றுக்குள் மெல்லிய குழாய், வெதுவெதுப்பான திரவம் கொஞ்சமாக உள்ளே விட்டு, அரை மணி நேரம் போல வைத்திருந்து, வெளியே வடிப்பார்கள். திரும்ப அதே. இரவு பகலாக உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று சிஸ்டர் எழுதிக்கொண்டே இருந்தார். நடுவில் குழாய் ஓரம் கசிந்தது, தையல் போட்டார்கள். அப்புறம் ஒரு விடியற்காலையில் டயப்பர் கனமாக இருக்கிறது என்று கூப்பிட்டுக் காட்டினார்கள். மூத்திரத்தைப் பார்த்து அழுத ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மன்னார்குடி சித்தி:

சிஸ்டர், சளிக்குக் கடையில் சிரப் வாங்கிக் கொடுக்கிறார்களே, அதிலும் கிட்னி போகும் என்கிறார்கள், நிஜமா?

கும்பகோணம் நர்ஸ்:

நிஜம். டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற விஷம் கலந்த சிரப்பால் 2022-இல் காம்பியாவில் 60-க்கும் மேற்பட்ட சின்னப் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் இறந்தது காஞ்சிபுரம் பக்கம் தயாரான சிரப்பால். கலப்படத்தைக் குடிப்பவர் கண்டுபிடிக்கவே முடியாது. அதோடு, கைக்குழந்தையின் சளிக்கு இருமல் சிரப்பே தேவையில்லை. வாந்தி பேதியில் வற்றியிருக்கும் பிள்ளைக்கு ஐபுப்ரொஃபென் காய்ச்சல் மருந்தும் வேண்டாம், பாராசிட்டமால் போதும், அதுவும் எடைக்கு ஏற்ற அளவில்.

பட்டுக்கோட்டை அப்பா:

பெண்ணுக்கு இப்போது எல்லாம் நார்மல் என்கிறார்கள். பிறகும் எதற்கு வரச்சொல்கிறார்கள்?

கும்பகோணம் நர்ஸ்:

கிரியாட்டினின் இறங்கிவிட்டாலும் உள்ளே தழும்பு இருக்கலாம், அண்ணே. வருஷத்துக்கு ஒரு தடவையாவது இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை லேமினேட் பண்ணி வையுங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். பி.பி. பார்க்கும்போது குழந்தை அளவுப் பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர்கள் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் குறைவாகக் காட்டும், ஏறியிருப்பது தெரியாமலே போகும்.