இரண்டு இருக்கைக் காரில் ஐந்து நாள் கூடாரப் பயணம்: சாமான்களை எப்படி ஏற்றுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 395ஆம் நெடுஞ்சாலை வழியாக வடக்கே செல்கிறோம். விட்னி போர்ட்டலில் ஓர் இரவும், கான்விக்ட் ஏரிக்கரையில் இரண்டு இரவுகளும், பிறகு டையோகா கணவாயைக் கடந்து யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஓர் இரவும் கூடாரம் அடித்துத் தங்குவதாகத் திட்டம். இடங்களை முன்பதிவு செய்துவிட்டோம். எங்களிடம் இருப்பது 2019ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5, துணிக்கூரை கொண்ட வண்டி. இருக்கைகள் இரண்டு, டிக்கியின் கொள்ளளவு 130 லிட்டர். பின் இருக்கை என்ற ஒன்று இல்லாததால், வேறு கார்களில் செய்வது போல மிஞ்சியதைப் பின்னால் போட்டுக்கொள்ள வழியில்லை.

சென்ற சனிக்கிழமை வீட்டு வாசலில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தோம். நால்வர் படுக்கும் கூடாரம் ஒன்று, செயற்கைப் பஞ்சு அடைத்த ஸ்லீப்பிங் பேக் இரண்டு, 25 லிட்டர் ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலிகள் இரண்டு, இரட்டை பர்னர் அடுப்பு, துணிகளுக்கு ஒரு கெட்டியான சூட்கேஸ் ஆகியவற்றை எடுத்து வைத்திருந்தோம். கூடாரமும் ஒரு ஸ்லீப்பிங் பேக்கும் உள்ளே போனதுமே டிக்கி நிறைந்துவிட்டது. சூட்கேஸ் டிக்கியின் வாய்க்குள்ளேயே நுழையவில்லை.

டிக்கி மூடியின் மேல் பொருத்தும் சாமான் தாங்கியை வாங்கினால் இது தீருமா? கூரையை இறக்கி ஓட்டினால் டிக்கியில் இடம் குறையுமா? கரடிகள் நடமாடும் பகுதியில் துணிக்கூரை வண்டியில் உணவை வைத்திருப்பது சரியா? இந்த மூன்றும்தான் எங்கள் முதன்மையான சந்தேகங்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் பதில்

வணக்கம் நண்பரே. இதே வகை வண்டியில் நீங்கள் போகும் சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தில் மூன்று கோடைகள் சுற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். கூரையைப் பற்றிய சந்தேகம் எளிது. உங்கள் வண்டியில் கூரை மடங்கி இருக்கைகளுக்குப் பின்னால் தனக்கென உள்ள குழியில்தான் அமர்கிறது. டிக்கியின் இடத்தை அது தொடுவதே இல்லை. ஆனால் அந்தக் குழியில் ஒரு துண்டைக்கூட வைக்காதீர்கள். தெரியாமல் கூரையை இறக்கினால் சட்டகமும் துணியும் பழுதாகும்.

தாங்கியைப் பற்றி முடிவெடுக்கும் முன், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் டயர் அழுத்தம் அச்சிட்டிருக்கும் சிறு அட்டையைப் பாருங்கள். பயணிகளும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஓர் எண் இருக்கும். உங்கள் இருவரின் எடையை அதிலிருந்து கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சாமானின் அளவு. எல்லோரும் லிட்டரையே கணக்கிடுகிறார்கள். இந்த வண்டியில் இடத்துக்கு முன்னால் எடைதான் முடிந்துபோகிறது. அந்த எண்ணைச் சொல்லுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி. எங்கள் வண்டியின் அட்டையில் 340 பவுண்டு என்று இருக்கிறது. அதாவது 154 கிலோ. நான் 72 கிலோ, என் மனைவி 57 கிலோ. ஆக, எங்களுக்கு மிஞ்சுவது 25 கிலோ மட்டுமே. குளியலறைத் தராசில் நிறுத்துப் பார்த்ததில், ஐஸ் கட்டியும் பானங்களும் போட்ட ஐஸ் பெட்டி மட்டும் 16 கிலோ வந்தது. நாற்காலிகள் இரண்டும் சேர்ந்து 7 கிலோ. இவ்விரண்டிலேயே 23 கிலோ போய்விட்டது என்பதைப் பார்த்தபோதுதான், இத்தனை நாள் தவறான கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது விளங்கியது.

இரண்டாம் பதில்

என் வண்டியில் நான்கு ஆண்டுகளாகத் தாங்கி இருக்கிறது. துளை போடாமல் கொக்கிகளால் பிடிக்கும் வகை, நன்றாகவே தாங்குகிறது. தனியாகப் பயணம் செய்பவன் என்பதால் எனக்கு எடையில் இடம் இருக்கிறது, அதனால் அது பயன்படுகிறது. உங்கள் கணக்கைப் பார்த்த பின் அதை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். 25 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற நிலையில் கூடுதல் இடம் கிடைத்து என்ன பயன்? வெற்றிடம் கண்ணில் பட்டால் எதையாவது போட்டு நிரப்பத்தான் தோன்றும். அதோடு, இந்த வண்டியின் மூன்றாவது பிரேக் விளக்கு டிக்கி மூடியிலேயே இருக்கிறது. பை அதை மறைத்தால் பின்னால் வருபவருக்கு ஆபத்து, போலீசும் நிறுத்துவார்கள். டிக்கியைத் திறக்கும்போதெல்லாம் மேலே இருக்கும் சுமையையும் சேர்த்தே தூக்க வேண்டும் என்பது இன்னொரு தொல்லை. மேலும், பின் அச்சுக்கும் பின்னால், அவ்வளவு உயரத்தில் சுமை ஏறினால் முன் சக்கரங்களின் பிடி குறைகிறது. வளைவுகளில் ஓட்டுவதற்கென்றே வாங்கிய வண்டியில் அதை நான் விரும்ப மாட்டேன்.

மூன்றாம் பதில்

ஐயா, ஐஸ் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்பதே என் ஒரே வேண்டுகோள். நம் சமையலில் பயணத்துக்கென்றே வழிவழியாக வந்த பண்டங்கள் இருக்கும்போது, பனிக்கட்டியைச் சுமந்து செல்ல என்ன தேவை? புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் விட்டு நன்கு சுருளக் காய்ச்சி ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துக்கொண்டால் ஐந்து நாளும் கெடாது. பருப்புப்பொடி, வறுத்து ஆறவைத்த ரவையில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்துக் கலந்த உப்புமாக் கலவை, கெட்டி அவல், வேர்க்கடலை ஆகிய எல்லாமே எடை குறைந்தவை, குளிர் வேண்டாதவை. நாங்கள் இருவர் நான்கு நாள் சென்றபோது உணவுப் பை மூன்றரைக் கிலோவைத் தாண்டவில்லை. பாலும் பழமும் வேண்டுமென்றால் வழியில் பிஷப்பிலும் மாமத் லேக்ஸிலும் கடைகள் இருக்கின்றன.

அரிசியைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. விட்னி போர்ட்டலும் கான்விக்ட் ஏரியும் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே தண்ணீர் 92 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் சோறு வேக நெடுநேரம் ஆகும், கேஸும் வீணாகும். குக்கரைத் தூக்கிச் செல்வதும் உங்கள் எடைக் கணக்குக்குப் பொருந்தாது. அவலுக்கு வெந்நீரில் ஊறினாலே போதும். புளிக்காய்ச்சலைக் கலந்தால் புளி அவல் ஆகிவிடும். சிறிய ஒற்றை பர்னர் அடுப்பும், 230 கிராம் கேஸ் அடைத்த ஒரு குப்பியும் இருவருக்குத் தாராளம். குப்பியில் ஐசோபியூட்டேன் கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் பியூட்டேன் உறைநிலைக்கு அருகில் ஆவியாகாமல் படுத்துக்கொள்ளும், மலையில் விடியற்காலைக் காப்பி தாமதமாகும். பகலில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் வெயிலில் வண்டியை மூடி நிறுத்தும்போது குப்பியை உள்ளே விடாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

நான்காம் பதில்

கரடி குறித்து. யோசெமிட்டியில் இருட்டிய பின் காருக்குள் உணவு வைத்திருப்பதற்கே தடை இருக்கிறது. கூரை துணியா தகடா என்பது பொருட்டே அல்ல. முகாமில் இரும்புப் பெட்டி இருக்கும், எல்லாம் அதற்குள் போக வேண்டும். உணவு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, தலைக்குத் தடவும் எண்ணெய், வெயிலுக்குப் பூசும் களிம்பு என மணம் உள்ள எதையும் வண்டியில் விடக் கூடாது. விட்னி போர்ட்டலிலும் இதையே கடைப்பிடியுங்கள். மணமுள்ள பொருள்களை எல்லாம் தொடக்கத்திலிருந்தே ஒரே பையில் போட்டு, டிக்கியில் கடைசியாக, கைக்கு எட்டும்படி வைத்தால், இரவில் அந்த ஒரு பையை எடுத்து இரும்புப் பெட்டியில் வைத்தால் போதும். பயணத்தின்போது இருக்கையில் முறுக்கும் மிக்ஸரும் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிந்தினால் மாலையில் துடைத்துவிடுங்கள்.

முதல் பதில் எழுதியவர் மீண்டும்

எடைக் கணக்கு கிடைத்துவிட்டதால் இனி அடுக்கும் முறையைச் சொல்கிறேன். நால்வர் கூடாரத்துக்குப் பதிலாக இரண்டரைக் கிலோவுக்குள் வரும் இருவர் கூடாரத்தை வாடகைக்கு எடுங்கள். ஒரு பயணத்துக்காக வாங்க வேண்டியதில்லை. அதை அதன் உறையில் வைத்து ஏற்றாதீர்கள். கம்பிகளைத் தனியே பிரித்து டிக்கியின் தரையில் குறுக்காகக் கிடத்துங்கள். கூடாரத்துணியை மடிக்காமல், பஞ்சு திணிப்பது போல மூலைகளிலும் மற்றப் பைகளுக்கு இடையிலும் திணியுங்கள். டிக்கியின் வாய் குறுகலாக இருந்தாலும் உள்ளே ஆழம் உண்டு. நெகிழும் சிறு பைகள் பல இருந்தால் அந்த ஆழம் முழுவதும் பயன்படும், கெட்டியான ஒரு பெட்டி இருந்தால் பாதி வீணாகும். தண்ணீர், அடுப்பு, கருவிகள் போன்ற கனமானவை அடியிலும், இருக்கைப் பக்கம் ஒட்டியும் இருக்கட்டும்.

ஸ்லீப்பிங் பேக்கில் மட்டும் செலவுக்குத் தயங்காதீர்கள். அந்த உயரத்தில் ஆகஸ்டிலும் இரவு நன்றாகவே குளிரும். வாத்துத்தூவி அடைத்தவை அழுத்தினால் ஒரு பெரிய ரொட்டி அளவுக்குச் சுருங்கும், செயற்கைப் பஞ்சு அப்படிச் சுருங்காது. இதையும் வாடகைக்குத் தருகிறார்கள்.

இனி நான் முக்கியமாகக் கருதுவதைச் சொல்கிறேன். வீட்டு வாசலில் பொறுமையாக அடுக்கும் அடுக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாம் நாள் காலையில், விரல் விறைக்கும் குளிரில், பனி நனைத்த கூடாரத்தை அவசரமாகச் சுருட்டும்போது எதுவும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும்போது டிக்கியில் ஒரு தலையணை அளவுக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். மழைக்குக் கூடாரத்தின் மேல் போர்த்தும் மேல்விரிப்பு நனைந்தால் அதைப் போட ஒரு தடித்த பிளாஸ்டிக் பையும் கட்டாயம் வேண்டும். ஈரம் தூவிக்குள் இறங்கினால் அடுத்த இரவு அது சூடு தராது.

உங்கள் வண்டியில் மாற்றுச் சக்கரம் கிடையாது. ஓட்டை அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் சிறு பம்பும்தான் கொடுத்திருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அந்தத் திரவம் உதவாது. ஆதலால் அலபாமா ஹில்ஸ் பாறைகளைப் பார்க்கப் போனால் தார்ச்சாலை முடியும் இடத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். கிளம்பும் அன்று காலையில் டயர்கள் ஆறியிருக்கும்போது அட்டையில் உள்ள அழுத்தத்துக்குக் காற்றைச் சரிசெய்யுங்கள். விறகு எதையும் ஏற்றாதீர்கள். மரம் துளைக்கும் பூச்சிகள் விறகோடு ஊர் மாறுகின்றன என்பதால் எரிக்கும் இடத்திலேயே வாங்குவதுதான் அங்கே முறை. தண்ணீர் ஆறு லிட்டர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும், அந்த ஆறு கிலோவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய் உள்ள முகாம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

கேட்டவரின் மறுமொழி

நேற்று இரவு வீடு திரும்பினோம். எல்லாம் நல்லபடியாக நடந்தது. உதவியவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக விவரமாக எழுதுகிறேன்.

கிளம்பும்போது சாமானின் எடை, தண்ணீரையும் சேர்த்து, 24 கிலோ. கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்குகளும் வாடகைக்கு எடுத்தவை. நாற்காலிகளை விட்டுவிட்டோம், உட்கார முகாம் மேசையின் பலகையே போதுமானதாக இருந்தது. துணிக்கு ஆளுக்கு ஒரு சிறு பை என்று வைத்துக்கொண்டதில் என் மனைவிக்கு முதலில் மனத்தாங்கல் இருந்தது. ஆனால் கான்விக்ட் ஏரிக்கரையில் இரண்டு இரவுகள் தங்கியதால் அங்கே துவைத்து உலர்த்த முடிந்தது.

புளி அவல் மூன்று வேளை உண்டோம், சலிக்கவில்லை. விட்னி போர்ட்டலில் நள்ளிரவில் பக்கத்து முகாமின் இரும்புப் பெட்டியை ஏதோ ஒன்று தட்டி உருட்டிப் பார்க்கும் ஓசை கேட்டு விழித்தோம். எங்கள் வண்டியில் மணமுள்ள பொருள் எதுவும் இல்லை என்ற நிச்சயம் இருந்ததால் மறுபடியும் உறங்க முடிந்தது.

காலியிடம் விடச் சொன்னது எவ்வளவு சரியானது என்பது மூன்றாம் நாள் மாலைதான் முழுமையாகத் தெரிந்தது. ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் மழை பெய்து, கூடாரத்தின் மேல்விரிப்பு சொட்டச் சொட்ட நனைந்தது. மறுநாள் காலையிலும் காயாததைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, விட்டுவைத்திருந்த அந்த இடத்திலேயே வைத்தோம். 3,031 மீட்டர் உயரத்தில் டையோகா கணவாயை வெயிலில் கூரையை இறக்கிக் கடந்து, சற்றுத் தூரத்தில் சாலையோரம் வண்டியை நிறுத்தி, ஒரு பாறையின் மேல் அதை விரித்துப் போட்டோம். இருபது நிமிடத்தில் உலர்ந்துவிட்டது.

ஒரு சிறு சந்தேகம் மட்டும் மீதம் இருக்கிறது. வாடகைக்கு எடுத்த தூவிப் பைகள் எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டதால் சொந்தமாக வாங்க எண்ணுகிறோம். அவற்றை வீட்டில் அழுத்திய நிலையிலேயே வைத்திருக்கலாமா?

முதல் பதில் எழுதியவர்

கூடாது. நாள்கணக்கில் அழுத்தி வைத்தால் தூவி மறுபடி உப்பும் தன்மையை இழந்துவிடும். பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். கிளம்பும் நாளன்று அழுத்தினால் போதும்.