கிணத்து மோட்டருக்குப் பெயரிங் இறக்கேக்க எங்க பிழைக்குது?

கிணத்தடி, கோப்பாய்:
புதுப் பெயரிங் (ஷாப்டைத் தாங்கிச் சுத்தவிடுற குண்டு வளையம்) போட்டு ரெண்டு கிழமையில மோட்டர் திரும்பக் கத்தினால் "சாமான் சரியில்லை" எண்டுதான் சொல்லுவினம். அனேகமாச் சாமானில பிழை இருக்காது, இறக்கின விதத்திலதான் பிழை. ஷாப்டில, அதாவது மோட்டரின்ர நடுத் தண்டில, ஏத்தேக்க அடி உள்வளையத்தில மட்டும்தான் விழவேணும். வெளிவளையத்தில தட்டினால் அந்த அடி குண்டுகளுக்குள்ளால போய்த்தான் உள்வளையத்தைத் தள்ளும். குண்டு ஓடுற தடத்தில கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுந்திடும். கையால சுத்தினால் ஒண்டும் தெரியாது. கறண்டைக் குடுத்தாப் பிறகுதான் இரையும். மோட்டரின்ர பக்க மூடிக்குள்ள இறக்கேக்க இதுக்கு நேரெதிர், வெளிவளையத்தில மட்டும் தள்ளுங்கோ.

இன்னொண்டு, பழைய பெயரிங்கில அடிச்சிருக்கிற நம்பரை வாசிக்காமல் கடைக்குப் போகாதேங்கோ. 6202 எண்டால் 15 மி.மீ ஓட்டை, வெளி 35, தடிப்பு 11. 6203 எண்டால் 17, 40, 12. பார்வைக்கு ரெண்டும் ஒண்டு மாதிரித்தான்.

லேத் வேலை, சுன்னாகம்:
அண்ணை சொன்னது சரி. எதை வச்சுத் தட்டுறது எண்டதையும் சொல்லவேணும். 6202க்கு அரை இஞ்சி ஜீஐ பைப் துண்டு நல்லாப் பொருந்தும். உள்ளளவு 16 மி.மீ அளவு, அதால ஷாப்டில தடையில்லாமல் வழுக்கும். வெளியளவு 21 சொச்சம், உள்வளையத்தோட நிண்டிடும். 6203 ஷாப்டில அரை இஞ்சிப் பைப் ஏறாது. முக்கால் இஞ்சிப் பைப்போ அகலம் கூடி பெயரிங்கின்ர மூடித் தகட்டில முட்டும். தகடு நெளிஞ்சால் உள்ள உரசும். உள்ள பதினேழரை, வெளிய இருபத்திமூண்டரை மி.மீ வாறமாதிரி ஒரு புஷ் (குழாய் மாதிரி வளையம்) கடைஞ்சு வச்சிருங்கோ. பைப் வாயை அரம் போட்டு நேர்மட்டமாக்க மறந்திடாதேங்கோ. வாய் சரிஞ்சிருந்தால் பெயரிங்கும் சரிஞ்சுதான் இறங்கும்.

சரிஞ்சு போய் இறுகினால் மேல மேல அடிக்கிறதுதான் பெரிய பிழை. புல்லர் (இழுத்துக் கழட்டுற கருவி) போட்டுக் கழட்டி, ஷாப்டில விழுந்த கீறலை எண்ணெய் போட்ட 400 நம்பர் அரத்தாளால மெல்ல எடுத்துப்போட்டுத் திரும்பத் தொடங்குங்கோ. ரெண்டு பக்கமும் மாறி மாறித் தட்டி நிமித்தப் பாத்தால் ஷாப்டைத்தான் தின்னும்.

செம்பாட்டு மண், உரும்பிராய்:
தட்டாமலே இறக்கலாம். ரோட்டரை, அதாவது ஷாப்டோட சேந்து சுத்துற பகுதியை, பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டி ரெண்டு மணித்தியாலம் ப்ரீசருக்குள்ள வையுங்கோ. பெயரிங்கை ஒரு டின்னுக்குள்ள குண்டு பல்புக்குக் கீழ வச்சுச் சூடாக்குங்கோ. எங்கட ஊர் 30 பாகையில இருந்து 90க்கு ஏத்தினால் 17 மி.மீ ஓட்டை ஒரு நூறில ஒரு பங்கு மி.மீற்றரும் சொச்சமும் விரியும். அது காணும், அனேகமாக் கையாலயே இறங்கும். வெளிவளையத்தில ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்கோ. மெல்லக் காஞ்சால் சரி. "சுர்" எண்டு பொங்கினால் சூடு கூடிப்போச்சு, ஆறவிடுங்கோ. நெருப்பில காட்டவே வேண்டாம். கிறீஸ் கருகும், இரும்பின்ர பதமும் போயிடும்.

லேத் வேலை, சுன்னாகம்:
தம்பி, ஒரு விஷயம் விட்டிட்டீர். இறங்கினாப் பிறகு சூடு ஆறுமட்டும் ஷாப்டின்ர தோளோட (தண்டு தடிக்கிற படியோட) அழுத்திப் பிடிக்கவேணும். ஆறேக்க பெயரிங்கின்ர அகலமும் சுருங்கும், அதால தோளுக்கும் அதுக்கும் இடையில ஒரு மயிரிழை இடைவெளி விழும். மெல்லிய பீலர் தகட்டை விட்டுப் பாருங்கோ, போகக் கூடாது.

மூடிக்குள்ள பெயரிங் லூசா ஆடினால் சென்டர் பஞ்சால புள்ளி குத்திறது எங்கட ஆக்களின்ர பழக்கம். அந்தப் புள்ளி நுனிகள் கொஞ்ச நாளில தேய்ஞ்சு பழைய கதைதான். இடைவெளி சின்னனெண்டால் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைச்சு லொக்டைட் 641 (பெயரிங்கை இறுக்கிப் பிடிக்கிற பசை) பூசுங்கோ. கூடத் தேய்ஞ்சிருந்தால் மூடிக்குப் புஷ் போடத்தான் வேணும்.

பழைய மெக்கானிக், இணுவில்:
பெயரிங்கைப் பற்றி இவ்வளவும் கதைக்கிறியள், ஆனால் முன் பெயரிங்கைக் (பம்புப் பக்கம் இருக்கிறதை) கொல்லுறது சீல், பம்புத் தண்ணி ஷாப்ட் வழியா வராமல் தடுக்கிற சாமான். சீல் ஒழுகினால் தண்ணி ஷாப்ட் வழியாப் போய் முன் பெயரிங்கைத்தான் துருப்பிடிக்க வைக்கும். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லில ஊறின தண்ணி. சீல் இருக்கிற இடத்தில ஷாப்டைச் சுத்தி வெள்ளைப் படை பிடிச்சிருக்கும். விரல் நகத்தால உரசினால் முட்டுற அளவு தடிப்பு இருந்தாலே புதுச் சீலின்ர ரப்பர் அதில சரியாக் குந்தாது. தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ ஊத்தின துணியைச் சுத்திவிட்டால் கரையும். பிறகு நல்ல தண்ணியில கழுவித் துடையுங்கோ.

சீலின்ர வெள்ளைப் பீங்கான் வளையத்தை ரப்பர்க் கிண்ணத்தோட பம்பில இறக்கேக்க கிறீஸ் பூசாதேங்கோ, சவர்க்காரத் தண்ணி காணும். மேல ஒரு மட்டைத் துண்டு வச்சு பீவீசி பைப்பால நேரா அமத்துங்கோ. வேர்ணியரால நாலு இடத்தில ஆழம் அளந்தால் நாலும் ஒரே கணக்கா வரவேணும். பீங்கான் முகத்திலயும் அதோட உரசுற கறுப்புக் காபன் முகத்திலயும் விரல் பட்டால் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கோ. பம்புக்குள்ள தண்ணி நிரப்பாமல் சுவிட்சைப் போட்டால் புதுச் சீல் அந்த இடத்திலயே முடிஞ்சுது.

கிணத்தடி, கோப்பாய்:
கடைசியாப் பூட்டேக்க மூடியின்ர நாலு நீட்டுப் போல்டையும் ஒண்டை முழுசா இறுக்கிப்போட்டு மற்றதுக்குப் போகாதேங்கோ. எதிரெதிரா, கால் சுத்துக் கால் சுத்தா இறுக்குங்கோ. ஒவ்வொருக்காவும் ஷாப்டைக் கையால சுத்திப் பாருங்கோ. இறுக்கம் வந்தால் அந்தப் போல்டைத் தளத்தி, மூடியைப் பிளாஸ்டிக் சுத்தியலால தட்டிவிட்டுத் திரும்ப இறுக்குங்கோ. நெளிஞ்ச வடிவில ஒரு மெல்லிய வொசர் பின்மூடிக்குள்ள இருக்கும், கழட்டேக்க பழைய பெயரிங்கோட ஒட்டிக்கொண்டு வெளிய போயிடும். அது இல்லாமல் பூட்டினால் ரோட்டர் முன்னுக்கும் பின்னுக்கும் அடிக்கும்.

செம்பாட்டு மண், உரும்பிராய்:
அந்த வொசர் கூடுதலா சாமான் கழுவின மண்ணெண்ணெய்ச் சட்டியின்ர அடியிலதான் கிடக்கும். சட்டியை ஊத்த முதல் ஒருக்காத் துழாவிப் பாருங்கோ.