குளிரில் காரின் கண்ணாடி முழுவதும் மூடிக்கொள்கிறது: நாளைக் காலைக்குள் என்ன செய்வது?

கேட்டவர்
அனைவருக்கும் வணக்கம். குடும்பத்துடன் இங்கு வந்து இரண்டு மாதங்கள்தான் ஆகின்றன. சென்ற மாதம்தான் பழைய கார் ஒன்றை வாங்கினேன். இன்று காலை மகளைப் பள்ளியில் விடப் புறப்பட்டு முதல் திருப்பத்தை அடைவதற்குள் முன்கண்ணாடி பால் பூசியது போல வெளுத்துவிட்டது. கையால் துடைத்துப் பார்த்தேன், கோடு கோடாக இழுபட்டதே தவிரத் தெளியவில்லை. எதிரே சைக்கிளில் வந்தவரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். பிரேக்கை மிதித்து நிறுத்திய பிறகும் வெகுநேரம் கை நடுக்கம் நிற்கவில்லை. நாளைக் காலை ஏழரை மணிக்கு மறுபடியும் கிளம்ப வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் 1
நண்பரே, எந்தக் காரணம் கொண்டும் கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். என் முதல் குளிர்காலத்தில், இரவு வேலை முடிந்து வெளியே வந்தபோது கண்ணாடி மேல் உறைபனி இறுகிக் கிடந்தது. அவசரத்தில் கொதிநீரைக் கொண்டுவந்து ஊற்றினேன். எப்போதோ கல் பட்டு விழுந்திருந்த மிளகளவுக் கீறல், என் கண்ணெதிரே ஒரு சாண் நீளத்துக்கு ஓடியது. வந்த புதிதில் கையில் பணமும் இல்லை, உதவிக்கு ஆளும் இல்லை. கண்ணாடி மாற்றும் வரை பத்து நாட்கள் இருட்டில் நடந்தே வேலைக்குப் போனேன். பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாகச் சுரண்டுவதே நல்லது.

பதில் 2
அவர் உறைபனியைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். வெளிக்காற்று நுழையாதபடி அடைத்துவிட்டு, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்தி, ஹீட்டரை முழுவேகத்தில் வையுங்கள். கார் சீக்கிரம் சூடாகிவிடும். குளிர்காலத்தில் ஏசி போடச் சொல்பவர்களும் உண்டு. அது எரிபொருளுக்குத்தான் கேடு. நான் மூன்று குளிர்காலங்களை ஏசியைத் தொடாமலேயே ஓட்டியிருக்கிறேன்.

பதில் 3
மேலே சொன்னதை மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 0 டிகிரிக்குக் குளிர்ந்தால் 5 கிராமைக்கூடத் தாங்காது. நம் மூச்சும், ஈரக் கோட்டும், காலணியில் ஒட்டிவந்த பனியும் உள்காற்றை ஈரமாக்க, அந்தக் காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் மிச்ச நீரை நுண்துளிகளாக அதன்மேல் விட்டுவிடுகிறது. உள்காற்றையே சுற்றவிட்டால் அந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சேர்ந்துகொண்டே போகும். வெளிக்காற்றோ எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் அதில் நீராவி குறைவு. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் கண்ணாடியிலுள்ள ஈரத்தை அதுவே வாங்கிக்கொள்ளும்.

ஏசியின் வேலை குளிரூட்டுவது மட்டும் அன்று. உள்ளே வரும் காற்று முதலில் அதன் குளிர்ந்த குழாய்களில் பட்டு ஈரத்தை இழக்கிறது. பிறகு ஹீட்டர் அதைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்புகிறது. ஆகவே ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்தே போட வேண்டும். கடுங்குளிரில் பல கார்களில் ஏசி தானாக நின்றுவிடும். அப்போது வெளிக்காற்றே போதிய அளவு வறண்டிருப்பதால் கவலை இல்லை.

பதில் 4
இதையெல்லாம் நமக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? எனக்குக் கார் விற்றவர் சாவியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியதோடு சரி. வளைந்த கண்ணாடிப் படத்தில் மூன்று நெளிகோடுகள் இருந்தால் முன்கண்ணாடிக்கு, செவ்வகப் படத்தில் இருந்தால் பின்கண்ணாடிக்கு என்பது தெரியவே எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது. விடியாத காலையில், குழந்தை பின்னால் அழ, முன்னால் ஒன்றும் தெரியாமல் சாலையோரம் நிறுத்திக்கொண்டு நின்ற நாட்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பதில் 2
எனக்கும் அப்படித்தான். எல்லாவற்றையும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பதில் 3
உண்மைதான், ஆனால் அவருக்கு நாளைக் காலை ஏழரை மணிதான் கெடு. கேட்டவரே, மூன்று விவரங்கள் தேவை. மங்கல் உட்புறத்திலா, வெளிப்புறத்திலா? வைப்பர் போட்டதும் தெளிந்தால் அது வெளிப்புறம். காருக்குள் ஏதாவது வாடை வருகிறதா? கால்மிதிகளைத் தூக்கிப் பார்த்தீர்களா?

கேட்டவர்
உட்புறம்தான், வைப்பரால் பயனில்லை. இப்போது போய்ப் பார்த்தேன். பக்கத்து இருக்கையின் கால்மிதி மேலே காய்ந்திருக்கிறது. ஆனால் அடியிலுள்ள விரிப்பை விரலால் அழுத்தினால் தண்ணீர் ஊறி மேலே வருகிறது. காயாத துணியின் முடைநாற்றம் அடிக்கிறது. மழைக்குப் பிறகுதான் இது அதிகம் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

பதில் 5
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை அலைச்சல் இருந்திருக்காது, பரவாயில்லை. இனிப்பான வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் இருந்தால் ஹீட்டரின் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது என்று பொருள். அது நச்சு, உடனே மெக்கானிக்கிடம் போக வேண்டும். உங்களுடையது மழைநீர் போலத் தெரிகிறது. பானெட்டைத் திறந்து, முன்கண்ணாடியின் அடியில் வைப்பர் தண்டுகள் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். அங்கே சருகு அடைத்து, நீர் வடியும் துளை மூடியிருந்தால், தேங்கும் தண்ணீர் உள்ளே இறங்கும்.

இன்றிரவு விரிப்பைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சைப் பழைய துண்டுகளால் ஒற்றி எடுங்கள். கண்ணாடியின் உட்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள், ஏனெனில் அழுக்குப் படலத்தில் துளிகள் எளிதில் பிடிக்கும். காலையில் பத்து நிமிடம் முன்னதாகவே இறங்குங்கள்: வெளிக்காற்று, ஏசி, ஹீட்டர், காற்று முழுவதும் முன்கண்ணாடிக்கு. ஆனால் மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள், அந்தப் புகை உயிரைக் குடிக்கும். அப்படியும் மூடினால் இரு பக்க ஜன்னல்களையும் விரல் அகலத்துக்கு இறக்குங்கள். கண்ணாடி முழுவதும் தெளியும் வரை கியரைத் தொடாதீர்கள்.

கேட்டவர்
சருகுதான். இரண்டு கை நிறைய, கருத்து மட்கிப்போயிருந்தது. அதை அள்ளியதும் தேங்கியிருந்த நீர் சளசளவென்று கீழே இறங்கியது. ஆறு துண்டுகள் நனைந்தும் பஞ்சு இன்னும் முழுதாகக் காயவில்லை. இன்று காலை எட்டு நிமிடத்தில் கண்ணாடி தெளிந்தது. பள்ளி வரை மறுபடியும் மூடவில்லை. பின்னிருக்கைப் பக்கத்து விரிப்பும் லேசாக ஈரமாக இருப்பதால், சனிக்கிழமை இருக்கையைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன். அதைக் கழற்றத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.