முள் மந்தம்: மீட்டர் முள் லேட்டா ஏறுறதுக்கு என் சொல்

வணக்கம். ரெண்டு நாளா வேலை, ஸ்பீடோமீட்டர் முள் வண்டி வேகத்துக்கு பின்தங்கி லேட்டா ஏறுற கோளாறுக்கு தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு ஓடற இந்த இழை முழுசையும் இப்பதான் படிச்சேன். "குறிமுள் துலங்கல் தாமதம்"னு மேல போட்டிருக்கீங்க, பொருள் சரிதான், ஆனா அதை ஒர்க்‌ஷாப் வாசல்ல நின்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள முள்ளே ஏறிடும்.

என் கதைய சொல்லிடறேன், சொல் அதுலேர்ந்துதான் வருது. அப்பாவோட 84 மாடல் புல்லட் குன்னூர்ல நிக்குது. மார்கழி காலைல எடுத்தா வண்டி 40ல போகுது, முள் 15ல உக்காந்திருக்கு, அப்புறம் யாரோ தட்டி எழுப்பின மாதிரி மெதுவா கெளம்பி, நான் கொண்டை ஊசி வளைவுல பிரேக் புடிச்சு 20க்கு வந்தப்புறம் அது 40ஐ தொடும். வண்டிய நிறுத்தி ஸ்டாண்டு போட்டாலும் இன்னும் இறங்கிட்டே இருக்கும். மலை இறங்கி கல்லாறு தாண்டி வெயில் அடிச்சா சரியாயிடும். முதல்ல பார்த்த மெக்கானிக், சக்கரத்துலேர்ந்து மீட்டருக்கு வர்ற கேபிள் காஞ்சு போச்சுன்னு அதுக்குள்ள சுத்தற கம்பிய, இன்னர, உருவி கிரீஸ நிறைய அப்பி விட்டார், ஒரு வாரத்துல முள் நேரா 120க்கு போய் நின்னுக்கிச்சு. இன்னர் கம்பி சுருள் சுருளா பின்னினது, சுத்தறப்போ கிரீஸ மேல ஏத்தி மீட்டருக்குள்ளயே கொண்டு போய் விட்டுடும், அதனாலதான் மேல் முனைலேர்ந்து ஒரு ஜாண் தூரம் கிரீஸே படாம விடணும்னு சொல்றாங்க. ரெண்டாவதா காட்டின பெரியவர் மீட்டர காதுகிட்ட வச்சு ஆட்டிப் பார்த்துட்டு ஒரே வார்த்தை சொன்னார், "முள்ளுக்கு மந்தம் தட்டிருச்சுங்க."

எனக்கு அதுல எல்லாம் இருக்கு. குழந்தைக்கு வயிறு மந்தம் தட்டுது, தாத்தாவுக்கு காது மந்தம். உறுப்பு இருக்கு, வேலையும் செய்யுது, ஆனா சுணங்குது. முள்ளுக்கும் அதேதான்.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா சொல் ஏன் பொருந்துதுன்னு புரியும். கேபிள் முனைல ஒரு காந்தம் சுத்துது, அதை மூடினாப்ல தொடாம ஒரு அலுமினியக் கிண்ணம், அதோட தண்டுலதான் முள். காந்தம் சுத்தறப்போ கிண்ணத்துல சுழல் மின்னோட்டம் உண்டாகி அது கிண்ணத்த காந்தம் சுத்தற திசையிலயே இழுக்கும், மயிர் மாதிரி ஒரு சுருள்வில் திருப்பி இழுக்கும், ரெண்டும் சமமாகற எடத்துல முள் நிக்கும். ஜெர்மனில ஓட்டோ ஷுல்ட்செ 1902ல பேட்டன்ட் வாங்கின அதே சமாச்சாரம். இழுவிசை ரொம்ப சின்னது, அதனால தண்டு உக்கார்ற குழில எண்ணெய் காஞ்சு பிசினாகிட்டா போதும், குளிர்ல அது இன்னும் கெட்டியாகும், முள் சுணங்கும். பெரியவர் மீட்டர் கண்ணாடிய புடிச்சிருக்கற வளையத்த சுத்திலும் கொஞ்சம் கொஞ்சமா நெம்பி கழட்டினப்போ நானும் பார்த்தேன், தண்டோட அடில வெல்லப்பாகு நிறத்துல ஒரு வளையம். வொயிட் பெட்ரோல்ல நனைச்ச பல் குத்துற குச்சியால அதை எடுத்து, ஊசி முனைல ஒரு சொட்டு கடிகார எண்ணெய் தொட்டு வச்சார், அவ்வளவுதான், சுருள்வில் பக்கம் கையே கொண்டு போகல.

இப்ப சொல்லுக்கு வர்றேன். "மிகைத் தடையுறல்"னு, அதாவது அசைவ அளவுக்கு மீறி தடுக்கறதுன்னு, இழைல இன்னொரு யோசனை வந்திருக்கு, பாடப்புத்தகத்துல தடையுறு அலைவுன்னு படிச்சதோட ஒத்துப் போகுது, இயற்பியல் கட்டுரைக்கு நான் கை தூக்கறேன். ஆனா மீட்டர் நோய் ஒண்ணு இல்ல, தனித்தனியா பேர் வேணும். லேட்டா வந்தாலும் சரியான எண்ணுல வந்து நின்னா அது முள் மந்தம். தப்பான எண்ணுல நின்னுட்டு, கண்ணாடிய விரலால தட்டினா டக்குனு குதிச்சு சரியான எடத்துக்கு போனா அது முள் ஒட்டு, அங்க உராய்வு, பிசின் இல்ல. கேபிள் காஞ்சோ மடங்கியோ இருந்து முள் ஆடினா முள் நடுக்கம். எப்பவுமே ஒரே விகிதத்துல கம்மியா காட்டினா காந்தம் வீரியம் கொறஞ்சிருக்கும், அதை மந்தம்னு சொல்லவே கூடாது. இது நான் இட்டுக்கட்டினது இல்ல, பாதிக்கு மேல கடைல ஏற்கெனவே புழங்கறதுதான்.

*

அண்ணா, கதை நல்லாருக்கு. ஆனா மந்தம் வடசொல்லாச்சே? வள்ளுவர் சோம்பலுக்கு மடின்னு சொல்லி ஒரு அதிகாரமே வச்சிருக்கார். "முள்மடி"ன்னு வச்சா சின்னதா அழகா இருக்குமே. இன்னொண்ணு, எங்க மாமா வச்சிருக்கற 50கள் காலத்து இங்கிலாந்து வண்டில ஸ்மித்ஸ் குரோனோமெட்ரிக் மீட்டர், அதுல முள் நின்னு நின்னு ஏறும். அதுவும் மந்தமா?

*

தம்பி, மெக்கானிக்கிட்ட முள்மடின்னு போய் சொல்லிப் பாருங்க, முள் மடங்கிருச்சான்னு நெம்பி நிமித்திடுவான், அப்புறம் புது முள்ளுக்கு நீங்கதான் அலையணும். வடசொல்தான், ஒத்துக்கறேன், ஆனா கொல்லிமலை பாட்டி வரைக்கும் வயித்து மந்தம்னுதான் சொல்லுது.

குரோனோமெட்ரிக் வேற சாதி. அதுல காந்தம் கிடையாது, உள்ள ஒரு கடிகார எந்திரமே இருக்கு, ஒவ்வொரு நொடிக்கும் கொஞ்சம் கம்மியான நேரத்துக்கு கேபிள் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு எண்ணி எண்ணி முள்ள நகத்தி வைக்கும், அதனால தத்தித் தத்திதான் போகும். அது நோய் இல்ல, நடையே அப்படி. "முள் தத்தல்"னு வச்சுக்கலாம், ரிப்பேர் பட்டியல்ல சேக்காதீங்க.

மாமா மீட்டர சோதிக்கணும்னா டயல் அடில சின்ன எழுத்துல 1600ன்னு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. இருந்தா மைலுக்கு 1600 சுத்துன்னு அர்த்தம், அப்போ கேபிள் நிமிஷத்துக்கு 1600 சுத்தறப்போ முள் 60 மைல்ல நிக்கணும். வேகம் மாத்தற டிரில்லிங் மிஷின்ல இன்னர மாட்டி பாத்துடலாம், ஆனா கேபிள் எந்தப் பக்கம் சுத்துதுன்னு முன்சக்கரத்த தூக்கி கையால சுத்திப் பாத்துட்டு செய்யச் சொல்லுங்க.